கறை யாருடையது?

மனிதனை மனிதன் அழைப்பதற்காகத் தோன்றியது பெயர். ஆனால் அந்தக் கருவி அடையாளமிடவும், அடக்கவும், இழிவுபடுத்தவும் பயன்பட்ட கதைதான் உலக வரலாற்றில் நீண்ட கதை. பெற்றோர் ஆசையோடு சூட்டும் பெயர் உண்டு. வளர்ந்தபின் ஒருவர் தாமே விரும்பித் தேர்ந்து கொள்ளும் பெயர் உண்டு. இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது வகையும் உண்டு. அது ஊர் சூட்டும் பெயர். சூட்டியவன் மறைந்துவிடுவான், சூட்டிய காரணமும் மங்கிவிடும், பெயர் மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வரும்.

இத்தாலி நாட்டில் வழங்கும் 'எஸ்போசிட்டோ' என்னும் குடும்பப் பெயர் இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தது. அந்நாட்டில் மிகுதியாக வழங்கும் பெயர்களுள் அதுவும் ஒன்று. நேப்பிள்ஸ் நகரத்திலோ, தெருவுக்குத் தெரு கேட்கும் பெயர். கால்பந்து ஆட்டத்தை விரும்பிக் காண்போர், ஆட்டக்காரர்களின் சட்டை முதுகில் இப்பெயரைக் கண்டிருப்பர். சல்வத்தோரே, செபாஸ்தியானோ, பிரான்செஸ்கோ பியோ என்னும் உடன்பிறந்தார் மூவரும் எஸ்போசிட்டோக்கள். அவர்களுக்கு முன்பு கலியாரி அணியின் மவுரோ எஸ்போசிட்டோ; அவருக்கும் முன்பு, 1969-இல் இத்தாலியின் வெற்றிவாகை சூடிய பிளாரன்ஸ் அணியில் ஆடிப் பின்னர் நேப்பிள்ஸ் அணிக்கு ஆடிய மற்றொரு சல்வத்தோரே எஸ்போசிட்டோ.

காதுக்கு இனிய பெயர்தான். பொருளோ நெஞ்சைச் சுடுவது. இலத்தீன் மொழியில் அதன் மூலச் சொல்லுக்கு 'வெளியே வைக்கப்பட்டவன்' என்று பொருள். பெற்றவர்கள் வளர்க்க இயலாது வெளியே விட்டுச் சென்ற குழந்தை என்பதே கருத்து.

பல்லாயிரவர் எழுந்து நின்று ஆர்ப்பரிக்கும் இப்பெயர், ஒரு காலத்தில் கைவிடப்பட்ட குழந்தையின் மேல் குத்திய முத்திரை என்று அறியும்போது, நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகிறது. பழித்துச் சூட்டிய பெயரைச் சுமப்பவன் என்ன செய்ய வேண்டும்? தூக்கி எறிவதா, தாங்கி நிற்பதா? அதற்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு. கறை என்று ஒன்று இருக்குமானால், அது யாருடையது?

நேப்பிள்ஸ் நகரில் அனுன்சியாட்டா என்னும் அறநிலையம் 14-ஆம் நூற்றாண்டில் தோன்றியது. கோயிலும் மருத்துவமனையும் குழந்தைகள் இல்லமும் ஒன்றாய் அமைந்த பெரிய நிலையம். பிற்காலத்தில் அதன் மதிற்சுவரில் ஒரு துளை இருந்தது. துளைக்குள் ஒரு மர உருளை. தெருப் பக்கம் நின்று குழந்தையை அதில் கிடத்திச் சுழற்றினால், குழந்தை உள்ளே போய்விடும். விட்டவர் முகம் எடுப்பவருக்குத் தெரியாது. எடுப்பவர் முகம் விட்டவருக்குத் தெரியாது. உள்ளே காவலிருக்கும் பெண் குழந்தையை எடுப்பாள். கழுவித் துடைப்பார்கள், ஞானமுழுக்குக் கொடுப்பார்கள், கழுத்தில் ஈய வில்லை ஒன்றைக் கட்டுவார்கள், பதிவேட்டில் எழுதுவார்கள். குடும்பப் பெயர் எழுத வேண்டிய இடத்தில், குடும்பம் இல்லாத அந்தச் சிசுவுக்கு 'எஸ்போசிட்டோ' என்று எழுதினார்கள்.

நடுநிலை தவறாமல் பேசுவோம். அந்த உருளை இல்லாதிருந்தால், அக்குழந்தைகளில் எத்தனையோ பேர் தெருவோரத்தில் குளிரில் விறைத்து மாண்டிருப்பர். எடுத்து வளர்த்தவர்களின் இரக்கம் பொய்யன்று. கூட்ட நெரிசலிலும் நோயிலும், பால் கொடுக்கப் போதிய செவிலியர் இல்லாமையாலும் பல குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் மடிந்தன என்றாலும், பிழைத்தவர்கள் அந்த இரக்கத்தால் பிழைத்தார்கள். ஆனால் பசிக்குப் பால் கொடுத்த கையே, வாழ்நாள் முழுவதும் அழியாத அடையாளத்தையும் இட்டது. 'நீ எங்களால் வாழ்கிறாய். ஆனால் நீ யார் என்பதை ஊரார் மறக்க மாட்டார்கள்' என்று சொல்லாமல் சொன்னது. உயிரைக் காத்து மானத்தைப் பறிக்கும் இரக்கத்தை நாம் அறம் என்று கொள்ளலாமா? பாதி அறம் என்று வேண்டுமானால் கொள்ளலாம். மறுபாதி, அந்த அறத்தைத் தேவையாக்கிய கொடுமையின் பங்கு.

அந்தக் கொடுமை எது? குழந்தையை உருளையில் வைத்த கை யாருடையது? ஒழுக்கம் கெட்டவள் கை என்று ஊர் சொன்னது. உண்மை அவ்வளவு எளிதன்று. மணமாகித் தாலாட்டுப் பாடக் காத்திருந்த தாயும், வீட்டில் மேலும் ஒரு வாய்க்குச் சோறில்லாத வறுமையால் அங்கு வந்தாள். மணமாகாமல் ஏமாற்றப்பட்டவள், ஊரின் நாவுக்கு அஞ்சி வந்தாள். வேண்டாமென்று வீசிச் சென்றார்களா அவர்கள்? பிளாரன்ஸ் நகரத்தின் குழந்தைகள் இல்லத்திற்குச் சென்றால் இதற்கு விடை காணலாம். 1445-இல் குழந்தைகளை ஏற்கத் தொடங்கிய அந்த இல்லத்தில், தாய்மார் குழந்தையோடு விட்டுச் சென்ற சின்னங்கள் இன்றும் காட்சிக்கு இருக்கின்றன. பாதியாக உடைத்த பதக்கங்கள்! ஒரு பாதி குழந்தையோடு, மறுபாதி தாயோடு. என்றேனும் ஒருநாள் நிலைமை சீர்ப்பட்டால், இரு பாதியையும் பொருத்திக் காட்டி என் பிள்ளையை மீட்பேன் என்ற நம்பிக்கையின் சின்னங்கள் அவை. மீட்கப்படாத குழந்தைகளின் பாதிப் பதக்கங்கள்தாம் அங்கே எஞ்சிக் கிடக்கின்றன. 'கைவிட்டாள்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இந்தக் கண்ணீரெல்லாம் அடங்குமா?

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உருளையைச் சுழற்றிய பெண்ணின் கையையேனும் நிலவொளியில் யாரேனும் பார்த்திருக்கலாம். தந்தையின் கையை யார் பார்த்தார்கள்? அவனைத் தேடவும் சட்டம் இடங்கொடுக்கவில்லை. ஒன்றுபட்ட இத்தாலியின் 1865-ஆம் ஆண்டுக் குடிமைச் சட்டம், மணத்திற்குப் புறம்பே பிறந்த குழந்தையின் தந்தை யார் என்று வழக்கிட்டுத் தேடுவதை, சில கொடுங்குற்றங்கள் நீங்கலாக, தடை செய்திருந்தது. ஆணின் நற்பெயருக்குச் சட்டம் காவல் நின்றது. பெண்ணின் பெயரை ஊர் தூற்றியது. குழந்தைக்கோ பெயரே தண்டனையாயிற்று. குற்றம் செய்தவன் தப்பினான். குற்றமே அறியாத சிசு தண்டனை பெற்றது. இதற்கு நீதி என்று பெயர் சூட்டினார்களே, அதுவன்றோ பொய்ப் பெயர்!

ஒரே செயலுக்கு ஊருக்கோர் சொல் வழங்கிற்று என்பதும் நம் சிந்தனைக்குரியது. ரோமாபுரிப் பக்கத்தில் இத்தகைய குழந்தைகளை 'புரொயெத்தி' என்றனர். 'எறியப்பட்டோர்' என்று பொருள். மிலான் நகரில், ஆதரித்த மருத்துவமனையின் சின்னமான புறாவின் பெயரால் 'கொலம்போ' என்றனர். பிளாரன்ஸ் நகரில் 'இன்னொசெந்தி', அதாவது 'குற்றமற்றோர்' என்றனர். எறியப்பட்டவன், வெளியே வைக்கப்பட்டவன், புறா, குற்றமற்றவன்! குழந்தை ஒன்றுதான், அதன் நிலையும் ஒன்றுதான். மாறியது பார்த்தவர் கண். பெயர் என்பது பெயர் பெற்றவனைப் பற்றிய செய்தியன்று, பெயர் வைத்தவனைப் பற்றிய செய்தி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இந்த உண்மை ஆட்சியாளருக்கு மெல்ல மெல்லத்தான் உறைத்தது. நெப்போலியனின் மைத்துனர் முரா, நேப்பிள்ஸை 1808 முதல் 1815 வரை ஆண்டார். கைவிடப்பட்ட குழந்தைகளுக்கெல்லாம் எஸ்போசிட்டோ என்று சூட்டும் வழக்கம் அவர் ஆட்சியில் தடுக்கப்பட்டது. ஒவ்வொரு குழந்தைக்கும் வெவ்வேறு பெயர் சூட்ட வேண்டுமென்றாயிற்று. அனுன்சியாட்டாவின் உருளை 1875-இல் மூடப்பட்டது. ஆனால் முத்திரை குத்தும் மனப்பான்மை மூடப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டிலும் தந்தை பெயர் தெரியாதவரின் ஆவணங்களில், 'பெயர் அறியேன்' என்பதன் சுருக்கமாக 'என். என்.' என்று எழுதினர். பள்ளியில், படையில், வேலை கேட்டுச் செல்லும் இடத்தில் எல்லாம் அந்த இரண்டு எழுத்துகள் முன்னே சென்று பேசின. 1955-இல்தான், ஆவணங்களில் பெற்றோர் பெயரைக் குறிப்பதை நீக்கும் சட்டம் வந்தது. பெற்றோர் அறியப்படாத குழந்தைக்கு, அதன் பிறப்பைக் காட்டிக் கொடுக்கும் பெயரைச் சூட்டலாகாது என்பது 2000-ஆம் ஆண்டின் குடிநிலைப் பதிவு விதிகளில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. மணத்தில் பிறந்தவர், மணத்திற்குப் புறம்பே பிறந்தவர் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகள் அனைவரும் சட்டத்தின் முன் ஒரே நிலையினர் என்று 2012-இல் சட்டம் செய்தனர். தந்தையின் பெயரே தானாகப் பிள்ளைக்கு வரவேண்டும் என்னும் வழக்கத்தை 2022-இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாதென்று கூறி, தாயின் பெயருக்கும் சமமான இடம் தந்தது. பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்ற எளிய உண்மையைச் சட்டத்தில் எழுத எத்தனை தலைமுறை!

இனி ஆடுகளத்திற்கு வருவோம். நேப்பிள்ஸ் வளைகுடாவின் கரையில், வெசுவியஸ் எரிமலையைக் கண்முன் கொண்டிருக்கும் ஊர் காஸ்தெல்லமாரே. எஸ்போசிட்டோ உடன்பிறந்தார் மூவரும் அவ்வூர் மைந்தர்கள். மூத்தவர் சல்வத்தோரே 2000-இலும், நடுவர் செபாஸ்தியானோ 2002-இலும், இளையவர் பியோ 2005-இலும் பிறந்தவர்கள். சிறு வயதிலேயே தெற்கை விட்டு வடக்கே சென்று பிரெஷியாவிலும், பின்னர் மிலான் நகரத்து இன்டர் கழகத்தின் இளையோர் அணிகளிலும் பயின்றார்கள். சல்வத்தோரே 2022-இல் இத்தாலி நாட்டு அணிக்காக ஆடினார். பின்னர் ஸ்பெசியா அணியில் அண்ணனும் இளைய தம்பியும் தோளோடு தோள் நின்று ஆடினர். அந்தத் தம்பி 2025 செப்டம்பரில் நாட்டு அணியின் சட்டையை அணிந்தார். அடுத்த மாதமே எஸ்தோனியா அணிக்கு எதிராகத் தம் முதல் கோலை அடித்தார்.

இவற்றைக் கேட்டவுடன் பலர் சொல்லக்கூடியது என்ன? 'பார்த்தீர்களா! இழிந்த பெயரை இவர்கள் உயர்த்திவிட்டார்கள். திறமையால் கறையைத் துடைத்துவிட்டார்கள்!' பாராட்டுப் போலத்தான் தோன்றுகிறது. ஆனால் அதன் உள்ளே நஞ்சு இருக்கிறது. கறையைத் துடைத்தார்கள் என்றால், கறை இருந்தது என்று ஒப்புக்கொள்கிறோம். கோல் அடித்ததனால் மதிப்புப் பெற்றார்கள் என்றால், கோல் அடிக்காத எஸ்போசிட்டோவுக்கு மதிப்பில்லை என்று ஆகிறது. நேப்பிள்ஸ் துறைமுகத்தில் சுமை தூக்குபவனும் எஸ்போசிட்டோ. ரொட்டிக் கடையில் மாவு பிசைபவனும் எஸ்போசிட்டோ. மருத்துவமனையில் தரை கழுவும் பெண்ணும் எஸ்போசிட்டோ. இவர்களுக்காக ஆர்ப்பரிக்க எந்த அரங்கமும் இல்லை. இவர்கள் என்ன செய்து கறையைத் துடைப்பது? திறமைக்குப் பரிசு கொடுக்கலாம்; புகழ் கொடுக்கலாம்; பொன்னும் கொடுக்கலாம். மானத்தைத் திறமைக்குப் பரிசாகக் கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை. அது பிறக்கும்போதே உடன் வருவது. ஒருவனிடம் இல்லாததை அன்றோ கொடுக்க முடியும்?

இது வெறுஞ்சொல் விவாதமன்று என்பதை மிலான் நகரத்து சான் சீரோ அரங்கமே காட்டுகிறது. வடக்கு இத்தாலியின் அரங்குகளில், நேப்பிள்ஸ் மக்களைத் தீயால் கழுவுமாறு வெசுவியஸ் எரிமலையை அழைத்துப் பாடும் இழிவான வழக்கம் பல ஆண்டுகளாக உண்டு. 2018 டிசம்பர் 26-ஆம் நாள் இன்டர் அணியும் நேப்பிள்ஸ் அணியும் சான் சீரோவில் மோதின. நேப்பிள்ஸ் அணிக்கு ஆடிய செனகல் நாட்டவர் கலிடு கூலிபாலியைக் கூட்டத்தில் ஒரு பகுதியினர் குரங்கைப் போல் ஓலமிட்டு இழித்தனர். இன்டர் அணி தன் அரங்கில் இரண்டு ஆட்டங்களைப் பார்வையாளரே இன்றி ஆட வேண்டுமென்று தண்டனை விதிக்கப்பட்டது. மூன்று மாதங்கூட நிறையவில்லை. 2019 மார்ச்சில் அதே அரங்கில், அதே இன்டர் சட்டையை அணிந்து, 16 வயதுச் சிறுவனாக இறங்கினார் செபாஸ்தியானோ எஸ்போசிட்டோ. நேப்பிள்ஸ் வளைகுடாவின் பிள்ளை. நேப்பிள்ஸ் வீதிகளின் பெயர்.

எதிரணியில் இருந்தால் எரிமலைக்கு இரை. நம் அணியில் இருந்தால் நம் கண்மணி! இதுவா மதிப்பு? வெற்றிக்குக் கொடுக்கும் வாடகை இது. வெற்றி நின்றால் வாடகையும் நின்றுவிடும்.

ஆயினும் அந்த அரங்கம் மனிதத் தன்மையையும் கண்டது. 2019 டிசம்பரில் ஜெனோவா அணிக்கு எதிராக இன்டர் அணிக்குப் பெனால்டி உதை கிடைத்தது. அணியின் முன்னணி ஆட்டக்காரர் ரொமேலு லுக்காக்கு, தாமே அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. 17 வயது எஸ்போசிட்டோவிடம் பந்தைக் கொடுத்தார். இளைஞர் அடித்தார், கோல் ஆயிற்று. அவர் பார்வையாளர் பகுதியில் இருந்த தம் தாயிடம் சென்று கட்டிக்கொண்டார். அந்த லுக்காக்கு யார்? பெல்ஜியத்தில் பிறந்த கொங்கோக் குடும்பத்துப் பிள்ளை. அதே ஆண்டு செப்டம்பரில் கலியாரி அரங்கில் குரங்கு ஓலம் கேட்டு நின்றவர். அவர் அந்தச் சிறுவனின் குடும்பப் பெயருக்குப் பொருள் தேடவில்லை. இளையவன் ஒருவனுக்கு முதல் கோலின் மகிழ்ச்சி கிடைக்கட்டும் என்று எண்ணினார். கறை துடைக்கும் பேச்சே அங்கு எழவில்லை. கொடுத்தவரும் நிமிர்ந்து நின்றார். பெற்றவரும் நிமிர்ந்து நின்றார். உறவு என்பது இப்படியன்றோ அமைய வேண்டும்!

'அப்படியானால் இந்தப் பெயரை மாற்றிக் கொண்டால் என்ன?' என்று கேட்போர் உண்டு. மாற்றிக் கொள்ள விரும்புவோர் மாற்றிக் கொள்ளட்டும். அது அவர்கள் உரிமை. பழித்த பெயரை உதறுவது கோழைத்தனமன்று. வைத்துக் கொள்வோர் வைத்துக் கொள்ளட்டும், அதுவும் உரிமையே. இன்று எஸ்போசிட்டோ என்பவன், தன்னை வளர்த்த தாயின் குரலையும், தந்தையின் உழைப்பையும், விளையாடிய தெருவையும் அந்தப் பெயரில் கேட்கிறான். நாம் அறிவு கூறுவதாக எண்ணி, 'உன் பெயருக்கு இது பொருள், விட்டுவிடு' என்று வற்புறுத்துவோமானால், பதிவேட்டில் எழுதிய பழைய எழுத்தனின் வேலையைத்தான் மறுபடி செய்கிறோம். அவன் கேளாமல் சூட்டினான். நாம் கேளாமல் பிடுங்குகிறோம். இரண்டிலும் பெயருக்கு உரியவன் விருப்பம் கேட்கப்படவில்லை.

பெயரைக் கண்டு பிறப்பைக் கணிக்கும் பழக்கம் அறிவுக்கும் பொருந்தாது. 1994-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் இத்தாலி அணியில் பஜ்ஜோ என்ற பெயருடையோர் இருவர் இருந்தனர். ஸ்பெயின் அணியை வென்ற ஆட்டத்தில் ஒரு கோல் டீனோ பஜ்ஜோ அடித்தது. மற்றொன்று ரொபெர்த்தோ பஜ்ஜோ அடித்தது. உறவினர் என்று எண்ணத் தோன்றும். இருவருக்கும் உறவே இல்லை. பக்கத்து மாவட்டத்தில் பிறந்து, ஒரே அணியில் ஆடிய இருவரைப் பற்றியே பெயர் இவ்வளவு தவறாகச் சொல்லுமானால், பல நூற்றாண்டுக்கு முன் ஒரு பாட்டன் எந்த வாயில் வழியாக உலகிற்கு வந்தான் என்பதைப் பற்றி அது என்ன சொல்லிவிடும்? சொன்னாலும்தான் என்ன? உருளை வழியே வந்த பாட்டனும், அரண்மனைத் தொட்டிலில் பிறந்த பாட்டனும் வந்தது பத்துத் திங்கள் சுமந்த ஒரு தாயின் வயிற்றிலிருந்துதானே?

பள்ளிப் பதிவேட்டில் பெயர்களை எழுதி, நாள்தோறும் அவற்றைப் படித்து அழைக்கும் தொழிலில் இருக்கும் நாம், இதை ஆழ்ந்து உணர வேண்டியிருக்கிறது. ஒரு பெயரை எந்தக் குரலில் அழைக்கிறோமோ, அந்தக் குரலில்தான் அந்தப் பிள்ளை தன்னை அறிகிறது. பெயர் அதேதான்; ஏளனத்தோடு அழைத்தால் முத்திரை, அன்போடு அழைத்தால் அழைப்பு. எழுதிய எழுத்தை அழிக்க நம்மால் முடியாது போகலாம். அழைக்கும் குரலை மாற்ற நம்மால் முடியும், இன்றே முடியும்.

ஆகவே, கறை யாருடையது என்ற கேள்விக்கு விடை சொல்வோம். சிசுவின் மேல் கறை இல்லை. அதைப் பெற்று, பதக்கத்தைப் பாதியாய் உடைத்து, மறுபாதியை மடியில் முடிந்துகொண்டு அழுதபடி நடந்த தாயின் மேலும் இல்லை. வறியவளுக்குச் சோறு கொடாத செல்வத்தின் மேல் இருக்கிறது கறை. ஏமாற்றியவனைத் தேடாதே என்று எழுதிய சட்டத்தின் மேல் இருக்கிறது. குழந்தைக்குப் பால் ஊட்டிவிட்டுப் பழியையும் ஊட்டிய போலி ஒழுக்கத்தின் மேல் இருக்கிறது. வெளியே வைக்கப்பட்டவை அக்குழந்தைகள் அல்ல. அவர்களை ஏற்க மறுத்த சமுதாயம்தான் மனித நேயத்திற்கு வெளியே தன்னை வைத்துக்கொண்டது.

எஸ்போசிட்டோ என்ற பெயரைச் சட்டையில் தாங்கி ஓடும் இளைஞர்கள் எதையும் துடைக்க வேண்டியதில்லை. அவர்கள் ஆடட்டும்! வெல்லும் நாளில் வாழ்த்துவோம். தோற்கும் நாளிலும் மதிப்போம். துடைக்க வேண்டிய வேலை நம்முடையது. எங்கெல்லாம் பெயரைக் கேட்டவுடன் 'எந்தப் பிறப்பு?' என்று கண்கள் தேடுகின்றனவோ, அங்கெல்லாம் அந்த வேலை மிச்சம் இருக்கிறது.